சீட்டு மேசையில் ஒரு மொழி
பிரிட்ஜ் தடுப்பாட்டச் சமிக்ஞைகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நால்வர் கூடி ஆடும் சீட்டாட்டம் நம்மவர்க்குப் புதியதன்று. ஊர்த் திண்ணைகளிலும் பல்கலைக்கழக விடுதிகளிலும் 'முந்நூற்றுநாலு' ஆடாதோர் சிலரேயாவர். எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு கட்சியினர். எனினும் தத்தம் கூட்டாளியின் கையில் எச்சீட்டுகள் உள்ளன என்பதை அவர் அறியார். அவ்வறியாமையே ஆட்டத்தின் உயிர்நாடி. அதனைக் குறுக்குவழியாற் கடக்க விரும்பி இருமுவோரும், கண் சிமிட்டுவோரும், மூக்கைத் தடவுவோரும் எம்மிடையே உளர். அவற்றை நாம் பெரும்பாலும் வேடிக்கையாகவே கொள்கிறோம். ஆயினும் அவ்வேடிக்கையினுள் ஆழ்ந்த வினாவொன்று மறைந்து கிடக்கிறது. கூட்டாளிக்குச் செய்தி சொல்வதற்கு நேர்மையான வழி உண்டா? உண்டெனில், அந்நேர்மையின் எல்லை யாது?

விஸ்ற் என்னும் ஆட்டத்திலும் அதன் வழித்தோன்றலான பிரிட்ஜ் ஆட்டத்திலும் இவ்வினா ஏறத்தாழ இருநூறாண்டுகளாக எழுந்தவண்ணம் உள்ளது. அதற்கு விடை தேடும் முயற்சியிலேயே தடுப்பாட்டச் சமிக்ஞைகள் தோன்றி வளர்ந்தன. அவ்வளர்ச்சியின் முக்கிய கட்டங்களை எடுத்துக்காட்டி, அது கூட்டுழைப்பைப் பற்றி உணர்த்துவது யாதென நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருள் மயங்காதிருக்கச் சில சொற்களை முன்னரே வரையறுத்துக்கொள்வோம். நால்வரும் முறையே ஒவ்வொரு சீட்டு இறக்க, அந்நான்கும் சேர்ந்தது ஒரு 'பிடி'. ஏலத்தில் வென்று ஆட்டத்தை ஏற்று நடத்துபவர் 'கேட்டவர்'. அவரை எதிர்த்தாடும் இருவரும் 'தடுப்பாளர்'. இனங்கள் நான்கு: இஸ்கோப்பன், ஆடுதன், ரூவிதன், கிளாவர். இப்பெயர்கள் ஒல்லாந்தர் மொழியிலிருந்து எம்மை வந்தடைந்தவை. பிரிட்ஜில் இவை மேற்குறித்த வரிசையிலேயே உயர்விலிருந்து தாழ்வாக நிற்கும். ஏனைய இனச் சீட்டுகளை வெட்டவல்ல இனமே துரும்பு.

விஸ்ற்றும் நீலக்கொடியும்

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கோப்பி மனைகளிலும் கனவான்களின் வீடுகளிலும் விஸ்ற் செல்வாக்குப் பெற்றது. 1742ஆம் ஆண்டு எட்மண்ட் ஹொயில் வெளியிட்ட சிறு நூல் அவ்வாட்டத்தை முறைப்படுத்திய முதல் முயற்சிகளுள் தலையாயது. விஸ்ற்றில் ஏலம் இல்லை. மேசையில் விரித்து வைக்கப்படும் கையும் இல்லை. ஒவ்வொருவரும் தம் 13 சீட்டுகளை மட்டுமே காண்பர். எனவே, இறக்கப்படும் ஒவ்வொரு சீட்டும் பிடியை வெல்ல முனையும் கருவியாக மட்டுமன்றி, இறக்கியவரின் கையைப் பற்றிய சான்றாகவும் அமைந்தது. எவ்வினத்தை ஒருவர் முதலில் இறக்கினாரோ அதுவே அவரது நீண்ட இனம் என ஊகிக்கப்பட்டது. இது இயல்பான ஆட்டத்தின் உடன்விளைவான செய்தி. செய்தி சொல்வதற்கென்றே செய்யப்பட்டதன்று.

இந்நிலையை மாற்றியவர் லோட் ஹென்றி பென்ரிங்க் எனக் கூறப்படுகிறது. 1830களில் இலண்டனில் கிரகம்ஸ் என்னும் விடுதிக்கழகத்தில் ஆடிவந்த அவர், ஒரு புதிய வழக்கை அறிமுகப்படுத்தினார். தேவையின்றி முதலில் உயர்ந்த சீட்டையும் அடுத்து அதே இனத்திற் தாழ்ந்த சீட்டையும் ஒருவர் போட்டாராயின், 'துரும்பை இறக்குக' எனக் கூட்டாளியை வேண்டுகிறார் என்பது பொருள். புறப்படவிருக்கும் கப்பல் ஏற்றும், நடுவில் வெண்சதுரமுடைய நீலக்கொடியின் பெயரால் இது 'புளூ பீற்றர்' எனப்பட்டது. ஐந்தைப் போட்டுப் பின் இரண்டைப் போடுவதால் பிடி எதுவும் கிடைப்பதில்லை. அச்செயலின் ஒரே பயன் செய்தி சொல்வதே. சீட்டு இங்கு முதன்முறையாகத் தெளிவான சொல்லாக மாறியது எனலாம்.

இதன் விளைவு வியப்புக்குரியது. தம் கண்டுபிடிப்பை எண்ணிப் பென்ரிங்க் பிற்காலத்தில் வருந்தினார் என்பது விஸ்ற் நூல்கள் தரும் செய்தி. அதற்கு முன்னர், எப்போது துரும்பை இறக்கவேண்டும் என்பதைத் தம் நுண்ணறிவாற் கண்டுகொள்வோர் சிலரே. சமிக்ஞை வந்தபின் அவ்வறிவு இல்லாதோரும் கூட்டாளியின் கட்டளைக்கிணங்கச் சரியாக ஆடினர். வல்லோர் பெற்றிருந்த மேலாண்மையிற் பெரும்பகுதி இவ்வாறு கரைந்தது. அதே வேளை, சமிக்ஞையை மட்டும் எதிர்பார்த்துத் தாம் சிந்திப்பதை விட்டொழித்த ஆட்டக்காரரும் தோன்றினர். சமிக்ஞை அறிவுக்குத் துணையா, அறிவுக்குப் பதிலியா என்னும் பிரச்சினை அன்றே பிறந்துவிட்டது.

இரு கைகளும் ஒரு கையாக

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி 'விஞ்ஞான விஸ்ற்' காலமாகும். அதன் முதன்மையாளர் ஹென்றி ஜோன்ஸ் (1831-1899). தொழிலால் அறுவை மருத்துவரான இவர் 'கவன்டிஷ்' என்னும் புனைபெயரில் 1862இல் வெளியிட்ட நூல் பல பதிப்புகளைக் கண்டது. ஆடப்பட்ட கைகளைக் குறித்துவைத்து, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் காரணம் காட்டி விளக்கும் முறை அவரால் வலுப்பெற்றது. அவர் காலத்தவரும் பொறியியலாளருமான வில்லியம் போல், இவ்வாட்டத்தின் அடிப்படைத் தத்துவத்தைச் சுருக்கமாக வகுத்தார். கூட்டாளிகள் இருவரும் தத்தம் கைகளைத் தனித்தனியே ஆடாது, இரண்டையும் இணைத்து ஒன்றாகக் கருதி ஆடவேண்டும் என்பதே அது. அவ்வாறு ஆடவேண்டின் ஒருவர் கையை மற்றவர் அறிதல் வேண்டும். அறிவிக்கும் வழியோ சீட்டு ஒன்றே.

இவ்வழியில் அமெரிக்கர் மேலும் முன்சென்றனர். நியூ ஓர்லியன்ஸ் நகரத்து நிக்கொலஸ் றிஸ்ற் 1880களில் வகுத்த 'அமெரிக்க இறக்கங்கள்', இறக்கப்படும் சீட்டைக் கொண்டே அவ்வினத்தின் நீளத்தைக் கணிக்க வழிசெய்தன. கவன்டிஷ் இவற்றை ஆதரித்தார். வேறு பலர் எதிர்த்தனர். ஆட்டம் எந்திரமயமாகின்றது என்பதும், சொல்லப்படும் செய்தி எதிரிக்கும் பயன்படுகின்றது என்பதும் அவர்தம் வாதம். இவ்விரு வாதங்களும் இன்றுவரை ஓயவில்லை.

இக்காலத்தின் நிலைபேறுடைய கொடை, பொஸ்ரர் என்பார் 1890ஆம் ஆண்டளவிற் பரப்பிய 'பதினொன்றின் விதி' ஆகும். தம் நீண்ட இனத்தில் மேலிருந்து நான்காவது சீட்டை ஒருவர் இறக்குகிறார் எனக் கொள்வோம். அச்சீட்டின் எண்ணைப் பதினொன்றிலிருந்து கழித்தால், அதனிலும் உயர்ந்த சீட்டுகள் ஏனைய மூன்று கைகளிலும் எத்தனை உள என்பது கிடைக்கும். காரணம் எளிது. ஆசினைப் பதினான்கு எனக் கணித்தால், எந்தவொரு சீட்டுக்கும் மேலுள்ளவை பதினான்கிலிருந்து அதன் எண்ணைக் கழித்து வருவன. அவற்றுள் மூன்று இறக்கியவரிடமே உள. மீதியே எமக்கு வேண்டியது.

பிரிட்ஜ் ஆட்டத்திலிருந்தே ஓர் உதாரணம் காண்போம். கூட்டாளி ஏழை இறக்குகிறார். மேசையில் விரித்த கையில் இராசா, ஒன்பது, மூன்று. எம்மிடம் ஆசு, ஜாக், இரண்டு. பதினொன்றில் ஏழு போக நான்கு. இராசா, ஒன்பது, ஆசு, ஜாக் ஆகிய நான்கும் எம் கண்முன்னே உள. ஆகவே கேட்டவரிடம் ஏழினை வெல்லவல்ல சீட்டு ஒன்றேனும் இல்லை. மேசையிலிருந்து மூன்று போடப்படின், நாம் இரண்டைப் போட்டாலே போதும். கூட்டாளியின் ஏழே பிடியை வெல்லும். ஒரே ஒரு சீட்டு, முன் உடன்பாட்டின் துணையால், மறைந்திருக்கும் கையொன்றின் பகுதியை வெளிச்சமிட்டுக் காட்டுவதை இங்குக் காண்கிறோம்.

திறந்த கையும் புதிய தேவையும்

1890களில் பிரிட்ஜ் விஸ்ற்றின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏலமுறையும் சேர்ந்து 'ஒக்ஷன் பிரிட்ஜ்' உருவாயிற்று. 1925இல் பனாமாக் கால்வாய் வழியே சென்ற கப்பலொன்றில் ஹரல்ட் வண்டபில்ற் தம் நண்பர்களுடன் ஆடிப் பார்த்த புள்ளிமுறையே இன்றைய 'கொன்ட்ராக்ற் பிரிட்ஜ்' ஆகப் பரவியது.

இம்மாற்றங்களுள் எம் பொருளுக்கு முக்கியமானது, 'டம்மி' எனப்படும் திறந்த கை. கேட்டவரின் கூட்டாளி தம் சீட்டுகளை மேசையில் விரித்து வைத்துவிட, கேட்டவர் இரு கைகளையும் தாமே ஆடுகிறார். இதனால் ஒரு விசித்திரமான ஏற்றத்தாழ்வு எழுகிறது. கேட்டவர் காண்பன 26 சீட்டுகள். தடுப்பாளர் ஒவ்வொருவரும் தம் கையையும் திறந்த கையையும் சேர்த்துக் காண்பனவும் 26 சீட்டுகளே. எண்ணிக்கை சமமெனினும் நிலை சமமன்று. கேட்டவர் காண்பது தம் படை முழுவதையும். தடுப்பாளர் காண்பது தம் படையின் பாதியையும் எதிரிப் படையின் பாதியையும். வில்லியம் போல் வேண்டிய 'இணைந்த கை' கேட்டவருக்கு ஆட்டவிதியாலேயே கிடைத்துவிட்டது. தடுப்பாளரோ அதனைத் தம் கூட்டுழைப்பாலேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டியவராயினர். பிரிட்ஜில் தடுப்பாட்டமே கடினமான பகுதி எனக் கூறப்படுவதற்கும், விஸ்ற்றின் சமிக்ஞைகள் அழியாது புதுப்பொருள் பெற்று வாழ்வதற்கும் காரணம் இதுவே.

மூவகைச் செய்திகள்

பிரிட்ஜ் தடுப்பாட்டச் சமிக்ஞைகளை மூன்றாக வகுப்பது மரபு.

முதலாவது விருப்பச் சமிக்ஞை. கூட்டாளி இறக்கிய இனத்தில் உயர்ந்த சீட்டைப் போட்டால் 'தொடர்க' என்றும், தாழ்ந்த சீட்டைப் போட்டால் 'இதனை விடுக' என்றும் பொருள்படும். கூட்டாளி இஸ்கோப்பன் ஆசினை இறக்க, எட்டும் இரண்டும் மட்டும் உடையவர் முதலில் எட்டைப் போடுவார். கூட்டாளி இராசாவை இறக்க, இரண்டைப் போடுவார். மூன்றாம் முறை அவ்வினம் வரும்போது துரும்பால் வெட்டுவார். பென்ரிங்க் வகுத்த அதே உயர்வு-தாழ்வு அசைவு, துரும்பை விட்டு வேறு பொருளிற் பயில்வதை இங்குக் காணலாம். சொல் நிலைத்து நிற்கப் பொருள் மாறுவது மொழிகளுக்கு மட்டும் உரிய இயல்பன்று போலும்.

இரண்டாவது எண்ணிக்கைச் சமிக்ஞை. உயர்ந்ததன்பின் தாழ்ந்தது வரின் இரட்டை எண். தாழ்ந்ததன்பின் உயர்ந்தது வரின் ஒற்றை எண். துரும்பில்லா ஆட்டமொன்றில், திறந்த கையிற் கிளாவர் இராசா, இராணி, ஜாக், பத்து, ஒன்பது உள்ளன; அக்கைக்குள் நுழைய வேறு இனத்தில் வழியில்லை. எம்மிடம் கிளாவர் ஆசு, ஏழு, நாலு. ஆசினை எப்போது செலவிடுவது? ஏனைய ஐந்து கிளாவர்களும் கூட்டாளிக்கும் கேட்டவருக்கும் இடையே பகிரப்பட்டுள்ளன. கூட்டாளி இரண்டைப் போட்டு ஒற்றை எண்ணைக் காட்டினால் அவரிடம் மூன்று இருத்தல் கூடும். அவ்வாறாயின் கேட்டவரிடம் இரண்டே. எனவே இரண்டாம் சுற்றில் ஆசால் வெல்லவேண்டும். கூட்டாளி எட்டைப் போட்டு இரட்டை எண்ணைக் காட்டினால் கேட்டவரிடம் மூன்று எனக் கொண்டு மூன்றாம் சுற்றுவரை காத்திருத்தல் வேண்டும். ஒரு சுற்று முந்தினால் திறந்த கையுடன் கேட்டவருக்குள்ள தொடர்பு அறாது. ஒரு சுற்றுப் பிந்தினால் தேவையற்ற பிடியொன்றை அவருக்கு வழங்கியவராவோம். கூட்டாளியின் பயனற்ற சிறு சீட்டே இங்கு ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கிறது.

மூன்றாவது இனத்தெரிவுச் சமிக்ஞை. இதனை 1930களின் முற்பகுதியில் வகுத்தவர் அமெரிக்கரான ஹை லவின்தால். இஸ்கோப்பன் துரும்பாக உள்ள ஆட்டத்தில், கூட்டாளி வெட்டுவதற்காக ஆடுதனை இறக்குகிறோம். வெட்டியபின் அவர் எவ்வினத்தை எமக்கு இறக்குவது? துரும்பையும் ஆடுதனையும் நீக்க எஞ்சுவன ரூவிதனும் கிளாவரும். நாம் இறக்கிய ஆடுதன் உயர்ந்த சீட்டாயின் உயர்ந்த இனமாகிய ரூவிதன். தாழ்ந்த சீட்டாயின் கிளாவர். ஓரினத்தின் சீட்டால் வேறோர் இனத்தைச் சுட்டும் இவ்வுத்தி, சமிக்ஞை வரலாற்றில் ஒரு பாய்ச்சல் ஆகும். பிரித்தானியாவில் இது மக்கென்னி என்பாரது பெயரால் வழங்கியமையும் குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழ அக்காலத்திலேயே தியடோர் லைற்னர், உயர்நிலைக் கேள்விக்கு எதிராகத் தடுப்பாளர் கூறும் 'இரட்டிப்பு' என்னும் சொல்லை, 'வழமையல்லாத இனத்தை இறக்குக' என்னும் செய்தியாக மாற்றினார். சீட்டு மட்டுமன்றி ஏலச்சொல்லும் சமிக்ஞையாயிற்று.

எனினும் ஒரு சீட்டு ஒரே வேளையில் மூன்று செய்திகளைச் சொல்ல இயலாது. ஆறு போடப்படுகிறது, அது விருப்பமா, எண்ணிக்கையா, இனத்தெரிவா? பத்து, எட்டு, ஆறு ஆகியனவே கையில் இருப்பின், அவற்றுள் மிகத் தாழ்ந்த ஆறும் உயர்ந்த சீட்டுப்போற் தோன்றுமே! எச்சூழலில் எச்செய்தி முதன்மை பெறும் என்பதை இருவரும் முன்னரே தீர்மானித்திருத்தல் வேண்டும். அதன் பின்னரும் ஏலத்தையும் திறந்த கையையும் வைத்தே சீட்டின் பொருளைக் காணவேண்டும். சொல்லுக்குப் பொருள் இடம்நோக்கி அமைவது போன்றதே இது.

கூட்டாளி என்னும் மனிதர்

சமிக்ஞைகள் எத்துணைச் சிறந்தனவாயினும் அவற்றைத் தாங்குவது இரு மனிதரின் உறவே. 1931 டிசம்பரில் நியூயோர்க்கில் தொடங்கிய ஈலி கல்பேட்சன் - சிட்னி லென்ஸ் போட்டி இதற்குச் சான்று. 150 'றபர்' கொண்ட அப்போட்டியைப் பத்திரிகைகள் பெருஞ்செய்தியாக வெளியிட்டன. லென்ஸின் கூட்டாளியாகிய ஒஸ்வல்ட் ஜக்கோபி அக்காலத்தின் மிகச் சிறந்த இளம் ஆட்டக்காரருள் ஒருவர். ஆயினும் இருவரிடையேயும் கருத்து வேறுபாடு முற்றி, போட்டி முடிவதன்முன் ஜக்கோபி விலகினார். அவரிடத்துக்கு வேறொருவர் வந்தார். கல்பேட்சன் கட்சியே வென்றது. தனித்தனியே வல்லவரான இருவர் சேர்ந்து வல்ல இணையாவது தானாக நிகழ்வதன்று என்பதை அப்போட்டி உலகறியச் செய்தது.

இதற்கு எதிர்மறையான உதாரணம் இத்தாலியரின் 'நீல அணி'. 1957 முதல் 1969 வரை உலகக் கிண்ணமாகிய 'பெர்முடா போல்' போட்டியைத் தொடர்ந்து பத்துத் தடவை அவ்வணி வென்றது. கண்டிப்பான தலைமை, நீண்டகாலம் ஒன்றாக ஆடிய இணைகள், விரிவாக வகுக்கப்பட்ட உடன்பாடுகள் ஆகியன அதன் பலம். அவ்வணியின் வோல்ற்றர் அவரெல்லி, ஜோர்ஜியோ பெலடொன்னா ஆகியோரின் 'ரோமன்' முறையின் பெயரால், ஒற்றை எண் சீட்டு ஆதரவையும் இரட்டை எண் சீட்டு மறுப்பையும் காட்டும் கழிப்புமுறை இன்றும் வழங்குகிறது.

ஒளிவும் மறைவும்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பிரிட்ஜின் சட்டம் இரு கூறுகளையுடையது. கூட்டாளிகள் ஏலச்சொற்களாலும் இறக்கும் சீட்டுகளாலும் மட்டுமே செய்தி பரிமாறலாம். குரலின் ஏற்றத்தாழ்வும், தயக்கமும், உடலசைவும் செய்தியாதல் கூடாது. அன்றியும், அவற்றுக்குத் தாம் வகுத்துக்கொண்ட பொருளை எதிரியிடம் மறைத்தலும் கூடாது.

1965இல் புவனஸ் அயர்ஸ் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில், பிரித்தானிய இணையொன்று சீட்டுகளைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையாற் தம்மிடமுள்ள ஆடுதன்களின் எண்ணிக்கையை உணர்த்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. உலகச் சம்மேளனம் குற்றம் மெய்யெனக் கொண்டது. பிரித்தானியாவில் நடந்த தனி விசாரணை 1966இல் அவர்களைக் குற்றவாளிகளல்லர் என விடுவித்தது. அவ்வழக்கின் முடிவு எதுவாயினும், அதன் பொருள் சிந்தனைக்குரியது. ஓரினத்தின் எண்ணிக்கையைச் சொல்வது குற்றமன்று. எண்ணிக்கைச் சமிக்ஞை நாள்தோறும் செய்வது அதனையே. அதே செய்தியை விரல் சொன்னால் அது வஞ்சனை. ஆகவே நேர்மையை வரையறுப்பது செய்தியன்று. அது செல்லும் வழியும், அவ்வழி எதிரிக்கும் திறந்திருப்பதுமே.

இவ்வெல்லையை வேறொரு பக்கத்திலிருந்து சோதித்தவர் கணிதவியலாளரான பீற்றர் விங்க்ளர். 1980களின் தொடக்கத்தில், மறைகுறியீட்டியலைச் சமிக்ஞைகளுக்குப் பயன்படுத்தலாமென அவர் காட்டினார். ஓரினத்திற் கேட்டவரிடம் சீட்டுத் தீர்ந்துவிட்டது எனக் கொள்வோம். அக்கணத்தில் எஞ்சிய சீட்டுகளுள் எவை கூட்டாளியிடம் உள என்பதைத் தடுப்பாளர் இருவரும் கணித்தறிவர். கேட்டவரோ அவை இருவரிடையே எவ்வாறு பிரிந்துள்ளன என அறியார். 'அவற்றுள் மிக உயர்ந்தது என்னிடமிருப்பின் என் சமிக்ஞை வழமைப்படி. இல்லையேல் தலைகீழ்' என்பது உடன்பாடாயின், அவ்வுடன்பாட்டைக் கேட்டவருக்கு முற்றாக விளக்கினாலும் அவராற் செய்தியைப் படிக்க முடியாது. பூட்டைக் காட்டித் திறவுகோலை மறைப்பது போன்றது இது. சட்டத்தின் சொல் மீறப்படவில்லை. ஆயினும் வட அமெரிக்கப் பிரிட்ஜ் அமைப்பு இதனைத் தடைசெய்தது. மூவரும் காணும் சீட்டின் பொருளை மூவரும் அறியவேண்டும் என்னும் ஆட்டத்தின் ஆன்மாவையே அது காக்க முற்பட்டது எனக் கொள்ளலாம்.

வஞ்சனையைத் தடுக்க 1975ஆம் ஆண்டு 'பெர்முடா போல்' போட்டியில் மேசையின் குறுக்கே திரை இடப்பட்டது. கூட்டாளியர் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதவாறு ஆடினர். திரையும் முழுக்காப்பு ஆகவில்லை. 2015இல், ஆட்டங்களின் காணொளிகளை ஆட்டக்காரர்களே கூர்ந்து நோக்கி, சீட்டு நெடுக்காக வைக்கப்பட்டதா குறுக்காக வைக்கப்பட்டதா என்பது போன்றவற்றால் முன்னணி இணைகள் சில செய்தி பரிமாறியதாகக் குற்றஞ்சாட்டினர். அவ்வாண்டின் 'பெர்முடா போல்' நடைபெற்ற இடம் எமக்கு அண்மையிலுள்ள சென்னை நகரம். தகுதி பெற்றிருந்த மூன்று அணிகள் அங்கு ஆடவில்லை. போலந்து அணியின் ஓர் இணைக்கும் அனுமதி கிட்டவில்லை. எஞ்சிய நால்வருடன் ஆடிய அவ்வணியே கிண்ணத்தை வென்றது.

முடிவுரை

பென்ரிங்கின் நீலக்கொடியிலிருந்து சென்னைப் போட்டிவரை நீளும் இவ்வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படும்.

முதலாவது, சமிக்ஞை கட்டளையன்று, அது சான்று. தன் கண்ணுக்குத் தெரியாததைக் கூட்டாளியின் கண் கொண்டு காண உதவுவது அது. கண்டபின் சிந்திக்கும் பொறுப்பு சிந்திப்பவருக்கே உரியது. பென்ரிங்க் வருந்தியது அப்பொறுப்பு கைவிடப்பட்டமைக்காகவும் ஆகலாம்.

இரண்டாவது, சமிக்ஞைகளின் தொகை கூட்டுழைப்பின் அளவன்று. இருபது உடன்பாடுகளை அரைகுறையாக நினைவில் வைத்திருக்கும் இணையிலும், மூன்றைத் தெளிவாக அறிந்து, தவறு நேர்ந்தபோது ஒருவரையொருவர் பழிக்காத இணை மேலானது. கூட்டாளி போட்ட சீட்டுக்குக் காரணமுண்டு என நம்புதலே இம்மொழியின் இலக்கணம். அந்நம்பிக்கை அற்ற இடத்தில் எட்டும் இரண்டும் வெறும் எட்டும் இரண்டுமே.

மூன்றாவது, அந்நம்பிக்கை எதிரியின் முன்னிலையிலும் வெளிப்படையாக நிற்கவேண்டும். கூட்டாளியோடு கூடுதல் வேறு. எதிரிக்கு எதிராகச் சதிசெய்தல் வேறு. மேசையின் நாற்புறமும் கேட்கப் பேசி, அதனாலும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதே கூட்டுழைப்பின் அருமை. அடுத்தமுறை விடுதியில் முந்நூற்றுநாலு ஆடுகையில் எதிரேயிருக்கும் நண்பர் இருமுவாராயின், அவர் கண்ணை நோக்காது, அவர் இறக்கிய சீட்டை ஒருமுறை உற்று நோக்குவோமாக. அவர் நேர்மையாகச் சொல்ல விரும்பியது அங்கேயே இருத்தல் கூடும்.